குறியும் இடமும்: பழைய இயந்திரக் கரத்தை முன்னிட்டு ஓர் அறவிசாரணை

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதிக்குக் கிழக்கே, போவதென்ன நீர்த்தேக்கத்தின் ஓரமாக, நாலந்தா கெடிகே எனும் சிறு கற்கோயில் நிற்கின்றது. பல்லவச் சாயல் பொருந்திய திராவிடக் கட்டட அமைப்பும் பௌத்த வழிபாட்டு மரபும் ஒன்றிலொன்று கலந்த இக்கோயில் எந்நூற்றாண்டுக்குரியது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இன்று நிற்கும் இடமோ அது முதலிற் கட்டப்பட்ட இடமன்று. மகாவலி நீரைப் பொல்கொல்லையில் திருப்பி, சுரங்கவழியே உக்குவளைக்குக் கொணர்ந்து, வடக்கே வறண்ட வலயத்துக்கு அனுப்பும் திட்டத்தின் ஓர் உறுப்பாகப் போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, கோயில் நீரில் மூழ்கும் நிலை தோன்றியது. 1975இல் அதனைக் கல் கல்லாகப் பிரிக்கத் தொடங்கி, 1980இல் உயர்ந்த நிலத்தில் மீண்டும் அடுக்கி முடித்தனர்.

பிரித்த கற்களை மீள அடுக்குதற்கு வேண்டிய அறிவு யாது? இக்கல்லுக்கு மேல் எக்கல், இடப்புறம் எக்கல் என்பதே அதன் பெரும்பகுதி. உலகில் அக்கல் எவ்விடத்தில் இருந்தது என்பது அதற்கு வேண்டுவதில்லை. ஆயினும், முதற் கல்லை எங்கே, எத்திசை நோக்கி வைப்பது என்பதை மட்டும் கற்களுக்கிடையிலான தொடர்பு சொல்லாது. அது வேறொரு வழியால் அறியப்படல் வேண்டும். முதற் கல் பிழைத்தால், தொடர்புகள் யாவும் சரியாயிருந்தும் முழுக் கட்டடமும் பிழைக்கும். தொடர்பை அறிதலும் இடத்தை அறிதலும் வெவ்வேறானவை என்னும் இவ்வுண்மை, முற்றிலும் அயலான ஒரு துறையில், பழைய தொழிற்சாலை ரோபோக்களைப் புதுப்பிக்கும் பணியில், மிகக் கூர்மையாக வெளிப்படுகின்றது.

தொழிற்சாலை ரோபோ முதன்முதலில் வேலைக்கமர்ந்தது 1961இல், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றிலாகும். அன்று தொட்டு உருவான இயந்திரக் கரங்களின் இரும்புடல் பல பத்தாண்டுகள் நிலைக்கின்றது. அதனை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ விரைவில் மூப்படைகின்றது. உதிரிப்பாகங்கள் கிடைக்காத நிலையில், பழைய உடலுக்குப் புதிய மூளை பொருத்த முற்படுவோர் உளர். அவர்களுக்கு முதலில் தடையாவது மோட்டார் அன்று. கரத்தின் மூட்டுகளிலிருந்து வரும் என்கோடர் குறிகளை விளங்கிக்கொள்வதே அத்தடை.

என்கோடர் எனப்படுவது மோட்டாரின் தண்டோடு சுழலும் ஒரு தட்டு. அதன் விளிம்பில் ஒளிபுகும் கோடுகளும் ஒளிபுகாக் கோடுகளும் மாறிமாறி அமைந்துள்ளன. ஒருபுறம் விளக்கு, மறுபுறம் ஒளியுணரி. தட்டுச் சுழல, மின் துடிப்புகள் பிறக்கின்றன. ஓர் உணரி மட்டும் இருப்பின் அசைவு நிகழ்ந்தது என்று அறியலாமேயன்றி, எத்திசையில் என்று அறிய இயலாது. ஆதலால் கோட்டிடைவெளியின் காற்பங்கு தள்ளி இரண்டாவது உணரியும் வைக்கப்படுகின்றது. ஏ, பீ எனப்படும் இவ்விரு தடங்களுக்கிடையே 90 பாகை அவத்தை வித்தியாசம் உண்டு. ஏ முந்தினால் ஒரு திசை. பீ முந்தினால் மறுதிசை. இரு துடிப்புகளினதும் ஏற்றம், இறக்கம் யாவற்றையும் எண்ணினால், 1000 கோடுள்ள தட்டு ஒரு சுற்றில் 4000 படிகளைத் தரும்.

இத்துணை நுட்பமான சாட்சிக்கும் ஒன்று தெரியாது. தான் எங்கே நிற்கின்றது என்பதே அது. மின்சாரம் நின்றபின் கரம் தன் பாரத்தால் சரிந்தாலோ, ஒருவர் அதனைத் தள்ளினாலோ, எண்ணிக்கை அதனை அறியாது. இக்குறையை ஓரளவு நீக்கச் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் தோன்றும் மூன்றாவது குறி ஒன்றைச் சேர்ப்பர். ஆனால் பற்சில்லுகளின் வழியே மூட்டு ஒருமுறை வீசி முடிவதற்குள் மோட்டார் பலமுறை சுழல்கின்றது. எனவே சுற்றினுள் எவ்விடம் என்று அக்குறி சொல்லும். எத்தனையாவது சுற்று என்று சொல்லாது. 1970களின் இறுதியில் வெளிவந்த பூமா எனும் கரத்தில் இதற்காகவே மூட்டுதோறும் ஒரு மாறுதடையும் பொருத்தப்பட்டிருந்தது. அது பருமட்டாகவேனும் இடத்தைச் சொல்லும். தை மாதத்தின் நடுப்பகுதி என்று மட்டும் அறிந்தவர் ஒருவர், வெள்ளிக்கிழமை என்று மட்டும் அறிந்தவர் ஒருவர். இருவரும் கூடினால் திகதி கிட்டும். முன்னவர் அரைவாரத்துக்கு மேல் பிழைத்தால் இருவரின் கூட்டுச் சாட்சியமும், மிக நுட்பமாகவே, பொய்யாகிவிடும்.

இடத்தை நேரே கூறும் வேறுவகை என்கோடர்களும் உள. அவற்றிலும் சிக்கல் உண்டு. துவித எண்முறையில் 3 என்பது 011, 4 என்பது 100. மூன்று இலக்கங்களும் ஒரே கணத்தில் மாறல் வேண்டும். ஒன்று சற்றுப் பிந்தினாலும் இடையில் 7 என்றோ 0 என்றோ வாசிக்கப்படலாம். 1953இல் காப்புரிமை பெற்ற பிராங்க் கிரேயின் குறிமுறையில் அடுத்தடுத்த எண்களுக்கிடையே ஓரிலக்கம் மட்டுமே மாறுவதால், எல்லையில் நேரும் பிழை அடுத்த படிக்கு அப்பாற் செல்வதில்லை.

சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என அளவைகள் மூன்று கொள்வர். (பரீட்சை வினாத்தாளில் மட்டுமே இவை உயிர்வாழ்கின்றன என்று எண்ணும் மாணவர் பலர்.) பழைய ரோபோவின் முன் நிற்பவருக்கு இம்மூன்றும் அன்றாடத் தேவைகள். அலைவுகாட்டியின் திரையில் தோன்றும் துடிப்பு காண்டல். அதிலிருந்து மூட்டின் கோணத்தைக் கணிப்பது கருதல். எக்கம்பி எக்குறிக்குரியது எனக் கூறும் தயாரிப்பாளரின் கைந்நூல் உரை. அந்நூல் பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும். உரை அற்றவிடத்து, தண்டைக் கையாற் சுழற்றி, துடிப்புகளை எண்ணி, எது முந்துகின்றது என்று பார்த்து, உரையை மீண்டும் உருவாக்கிக்கொள்ள வேண்டியவராகின்றார்.

அதற்குப் பொறுமையற்று, 'மற்றைய இயந்திரத்தில் இருந்தவாறே இதிலும் இருக்கும்' என்று கொள்வாராயின் நேர்வது யாது? ஏ, பீ கம்பிகள் இடம்மாறிவிட்டால், கரம் இலக்கை நெருங்கும்போது அது விலகுவதாகக் கட்டுப்பாட்டுப் பெட்டி நம்பும். அந்நம்பிக்கை பிழையாதலின் அது தரும் திருத்தம் கரத்தை எதிர்ப்புறம் தள்ளும். தள்ளத் தள்ளப் பிழை பெருகும். பிழை பெருகப் பெருகத் தள்ளுதலும் வலுக்கும். எதிலாவது மோதும்வரை கரம் பாய்ந்தோடும். 1979இல் மிச்சிகன் மாநிலத்து வார்ப்புத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரக் கரம் தாக்கித் தொழிலாளி ஒருவர் இறந்தார். அங்குப் பேசப்பட்ட காரணம் காவல் ஏற்பாடுகளின் குறைவேயாயினும், இத்தகைய கரத்தின் ஓர் அடி எத்தகையது என்பதற்கு அது போதிய சான்று.

ஈண்டு வினா அறவியல் சார்ந்ததாகின்றது. போதிய சான்றின்றி ஒன்றை நம்புதல் குற்றமா? ஆம் என்றார் கிளிபர்ட், 1877இல். பழங் கப்பலின் உறுதியைப் பற்றி எழுந்த ஐயத்தை அடக்கிக்கொண்டு பயணிகளுடன் அதனைக் கடலுக்கு அனுப்பிய உரிமையாளன், கப்பல் தப்பியிருப்பினும் குற்றவாளியே என்பது அவர் வாதம். வில்லியம் ஜேம்ஸ் 1896இல் இதனை மறுத்து, சான்று வருமுன்பே நம்பித் துணியவேண்டிய தறுவாய்களும் வாழ்வில் உண்டு என்றார். புதுப்பிப்போரின் நிலை இருவருக்கும் இடைப்பட்டது. கரத்தை ஒருமுறையேனும் இயக்காமல் குறிகளைப் பற்றிய கருதலை முற்றாகச் சோதிக்க வழியில்லை. இயக்குவதோ முழுச் சான்று கிட்டுமுன் செய்யும் செயல். கிளிபர்டின் கட்டளையை எழுத்துக்கெழுத்து ஏற்பவர் ஆளியையே தொடார்.

ஆயினும் தேர்ந்த கைவினைஞர் செய்வது ஜேம்ஸின் துணிச்சலுமன்று. மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைச் சிற்றளவாகக் கட்டுப்படுத்துகின்றார். ஒரு மூட்டை மட்டும் விடுவித்து, ஏனையவற்றைத் தடுப்பிற் பூட்டுகின்றார். கரம் எட்டும் வெளியிலிருந்து யாவரையும் அகற்றி, நிறுத்தும் பொத்தானிற் கைவைத்தவாறு ஒருபாகை அசைத்துப் பார்க்கின்றார். நம்பிக்கையின் அளவுக்குச் செயலின் அளவைக் குறுக்குதல் இது. கிளிபர்டின் கப்பலுரிமையாளனிடம் கண்டிக்கத்தக்கது சான்றின்மை மட்டுமன்று. நம்பியவன் கரையில் நின்றான். நம்பிக்கையின் விலையைக் கொடுத்தோர் கடலில் இருந்தோர் என்பதே பெரிது. புதுப்பித்த கரத்தினருகே நாளை நிற்கப்போகும் தொழிலாளி அதன் குறிகளை ஆராயும் வாய்ப்புப் பெறாதவர். அவருக்காக ஐயுறுதல் புதுப்பித்தவரின் கடன்.

மற்றொரு கடனும் உண்டு. அது பேசப்படுவது குறைவு. மாத்தளை நகருக்கு வடக்கே அண்மையிலுள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்வழியே காக்கப்பட்ட பௌத்த மறைநூல்கள் ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் அருகியதே காரணம் என்பர். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது அவ்விகாரையின் ஏடுகள் அழிவுற்றன. எனினும் நூல் அழியவில்லை. பிரதிகள் பிற இடங்களில் இருந்தன. பழைய ரோபோவின் குறிகளைப் பல நாள் முயன்று விளங்கிக்கொண்ட ஒருவர், எந்நிறக் கம்பி எத்தடம், எத்திசை நேர்த்திசை, சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுவது வழக்கம். மற்றொரு பிரதி வேறோரிடத்திலும் இருத்தல் வேண்டும்.