பலன் இல்லாத உழைப்பு வீணா?

2023 ஏப்ரல் 26, பிட்ஸ்பர்க். 33 வயது ட்ரூ மேகி மட்டையோடு நடந்து வந்தபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. அமெரிக்க பேஸ்பாலின் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்குகளில் 13 பருவங்கள், 1,155 ஆட்டங்கள். உச்ச நிலையான மேஜர் லீக்கில் அவருக்கு அதுதான் முதல் வாய்ப்பு.

அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆகி ஆட்டமிழந்தார்.

வளரும் வீரர்களைப் பருவம் முழுக்கப் பின்தொடரும் ரசிகர், பலன் இல்லாத உழைப்பு வீணா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. பலனில் பற்று வைக்காமல் செயல்படச் சொல்கிறது கீதை. ஆனால் ஆசையே இல்லாமல் யார் 1,155 முறை களமிறங்குவார்? மற்றொரு வீரரான மைக் ஹெஸ்மன் மைனர் லீக்கில் 433 ஹோம் ரன் அடித்தார். மேஜர் லீக்கில் 14தான். ஆனால் அந்த 433-இல் ஒவ்வொன்றையும் சிறிய மைதானங்களில் நேரில் கண்டவர்களுக்கு அது முழுமையான மகிழ்ச்சி.

அந்த முதல் வாய்ப்புக்கு மூன்று நாள் கழித்து, வாஷிங்டனில், மேகி தன் முதல் ஹிட்டை அடித்தார்.