பிள்ளைகள் கேட்கும் கேள்வி

கூடுவாஞ்சேரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பள்ளியில் உயிரியல் படித்து வரும் நம் பிள்ளைகளின் மனத்தில் ஒரு கேள்வி எழக்கூடும். "உயிரணு தன் வேலையைத் தானே செய்துகொள்கிறதே, இதில் அல்லாஹ்வின் செயல் எங்கே?" அதட்டி வாயை அடைப்பது விடையாகாது. விடை சொல்வது பெற்றோராகிய நம் கடமை.

முதலில் உயிரணுவைப் பார்ப்போம். அதன் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் கட்டளை ஏடு இருக்கிறது. வேண்டிய பகுதி மட்டும் படியெடுக்கப்பட்டு ரைபோசோமிடம் வருகிறது. ரைபோசோம் அந்தப் படியின்படி அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதம் ஆக்குகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 30,000 ரைபோசோம்களை வரிசையாக வைத்துவிடலாம். அத்தனை சிறியது அது!

இதன் அமைப்பைத் துலக்கியதற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பாக்டீரியாவின் ரைபோசோம் நம்முடையதிலிருந்து வேறுபட்டது. டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் அதைப் பற்றிக்கொண்டு, கிருமி புரதம் செய்யாதபடி தடுக்கின்றன. எந்த இடத்தில் பற்றுகின்றன என்பதையும் இவ்வாராய்ச்சிகள் காட்டின.

"எல்லாம் அவன் குத்ரத்" என்று கூறி எல்லோரும் ஆராயாமல் இருந்திருந்தால் இந்த அறிவு கிடைத்திருக்குமா? எந்த நோயையும் மருந்தின்றி அல்லாஹ் இறக்கவில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது, நம்மைத் தேடத் தூண்டுவதன்றி வேறென்ன?

'எப்படி நடக்கிறது' என்பது ஒரு கேள்வி. 'யார் விதித்தது' என்பது வேறு கேள்வி. மழை உண்டாகும் விதத்தை அறிந்த பிறகு மழைக்காக ஷுக்ரு செய்வதை நாம் விட்டுவிடவில்லையே! நமக்குப் புரியாத இடங்களில் மட்டும் அல்லாஹ்வைக் காட்டினால், கல்வி வளர வளரப் பிள்ளையின் ஈமான் தேய்ந்துபோகும். புரிந்த விதியும் அவன் விதித்ததே.

இன்னொன்றிலும் எச்சரிக்கை வேண்டும். புதிதாக எது கண்டுபிடிக்கப்பட்டாலும், "இது குர்ஆனில் முன்பே இருக்கிறது" என்று அவசரப்படுவோர் உண்டு. விஞ்ஞான முடிவு நாளை திருத்தப்படலாம், இறைமறை திருத்தப்படுவதன்று. இரண்டையும் முடிச்சுப் போட்டால், அது திருத்தப்படும் நாளில் இளம் உள்ளம் தடுமாறும்.

ஆகவே பிள்ளையிடம் சொல்வோம்: நன்றாகப் படி, நுணுகி ஆராய், அறியும்தோறும் அல்ஹம்துலில்லாஹ் சொல்.

வல்ல நாயன் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.