பிறர் விழாவும் நம் கடமையும்

சிவமயம்

சைவ நன்மக்களாகிய ஆசிரியர்களே,

உயிர்கள் உண்டற்கும் உடுத்தற்கும் வேண்டுவன தேடுவதிலேயே நாள்களைக் கழித்து இறைவனை மறந்துவிடுகின்றன. அம்மறதியை நீக்குதற்பொருட்டே ஆன்றோர் ஆண்டிலே சில நாள்களைத் தெரிந்து விழா நாள்களாக வகுத்தனர். ஆகலின் விழாவென்பது வேலையில்லாத நாளன்று. வேறொரு வேலையுள்ள நாளாம். நீராடல், நோன்பு நோற்றல், வழிபடுதல், வறியார்க்கு ஈதல், சுற்றந் தழுவுதல் என்னுங் கடமைகளே விழாவின் உயிர். புத்தாடையும் பண்ணியமும் தோரணமும் அதன் உடல். உயிர் நீங்கிய உடலுக்கு எத்துணை அணிகளைப் பூட்டினும் அஃது எழுந்து நடவாது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, பிறநாட்டார் விழா வழக்கங்களை நாம் ஏற்றல் தகுமா, தகுமாயின் எவ்வளவிற்குத் தகும் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கண்டிமாநகரின் கிழக்கே, தும்பறைப் பள்ளத்தாக்கிலே, மகாவலி கங்கையை அடுத்துளது திகன என்னும் ஊர். 1985 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற விக்டோரியா அணையின் நீர்ப்பரப்பு அதன் அயலிலே பரந்து கிடக்கின்றது; பழைய தெல்தெனியா நகர் அந்நீரின்கீழ் மறைந்தது. சிங்களவரும் தமிழரும் இசுலாமியரும் கிறித்தவரும் அடுத்தடுத்து வாழ்தலின், அப்பகுதியிலே தைப்பொங்கலும் வெசாக்கும் நோன்புப் பெருநாளும் நத்தாரும் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. சித்திரைப் புத்தாண்டோ சிங்களவர்க்குந் தமிழர்க்கும் பொது. ஆதலின் பிறர் விழாவை எவ்வாறு நோக்குவது என்னும் வினா, அங்குள்ள சைவாசிரியர்க்கு நூலளவில் நிற்கும் வினாவன்று. வகுப்பறைக்குள் நாள்தோறும் நுழையும் வினாவாகும்.

இக்காலத்திலே நிகழ்வது யாது? மார்கழி பிறந்தவுடன், கிறித்தவப் பிள்ளைகள் இல்லாத வகுப்பறைகளிலும் ஊசியிலை மரக்கிளை நாட்டப்படுகின்றது. பனியே பெய்யாத நாட்டிலே பஞ்சைப் பிய்த்துப் பனியென ஒட்டுகின்றனர். சைவ வீடுகளிற் பிறந்தநாள் வருமாயின் மெழுகுவர்த்தியை ஏற்றிப் பின் பிள்ளையைக்கொண்டே ஊதி அணைப்பிக்கின்றனர். டிசம்பர் 31 ஆம் நாள் நள்ளிரவு வரை விழித்திருந்து வெடி கொளுத்துகின்றனர். ஆனால் அந்நாள்களிலேயோ அவற்றையொட்டியோ வரும் திருவெம்பாவைப் பூசைக்கு வைகறையில் எழுப்பினால், அப்பிள்ளைகள் போர்வையை இழுத்து மூடிக்கொள்கின்றனர். நள்ளிரவில் விழிக்க அறிந்தவர் வைகறையில் விழிக்க அறியாராயினர்.

இதனினுந் துயரந் தருவது ஒன்றுண்டு. தோட்டத் தொழிலாளர் பலர் தீபாவளிக்கென வாங்கிய முற்பணத்தைப் பின்னர்ச் சிறிது சிறிதாகச் சம்பளத்திற் கழித்துக்கொடுப்பவர். அந்நிலையிலுள்ள பெற்றாரிடம் ஆண்டிறுதி விருந்திற்கும் பரிசுப் பொதிக்கும் கேக்கிற்கும் எனப் பாடசாலையே பணங் கேட்கின்றது. கொடுக்க இயலாத பிள்ளை அன்று காய்ச்சலென்று சொல்லி வீட்டில் நின்றுவிடுதலை யாம் அறிவோம். நம் சமயமும் விதியாத, அயலார் சமயமும் விதியாத ஒரு வழக்கத்தின்பொருட்டு ஓர் ஏழைப்பிள்ளை நாணித் தலைகுனியுமாயின், அப்பாவம் யாரைச் சாரும்? ஆசிரியர்காள், ஆராய்ந்து பார்மின்.

இவ்வாறு கூறுதலால், பிறர் விழாக்களை இகழுமாறு யாம் ஏவுகின்றோமென்று ஒருவருங் கருதற்க. இகழ்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் திகன மக்கள் கண்ணாற் கண்டவர். 2018 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்திலே, ஒரு சாரதி தாக்குண்டு இறந்ததைத் தொடர்ந்து, அவ்வூரிலும் அயலூர்களிலும் இசுலாமியருடைய கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களுந் தாக்கப்பட்டன, பல தீக்கிரையாயின. அரசு நாடெங்கும் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. ஒருவன் செய்த குற்றத்தை அவன் இனத்தார் அனைவர் மேலும் ஏற்றும் மனம் ஒரே நாளில் உண்டாவதன்று. அயலான் தொழுமிடத்தையும் அவன் நோன்பையும் சிறுகச் சிறுக எள்ளிப் பழகிய மனமே அந்நிலையை அடையும். ஆதலின் கண்மூடி ஏற்றல் ஒரு பிழை. கண்சிவந்து இகழ்தல் அதனினும் பெரும் பிழை. இவ்விரண்டிற்கும் இடையே செவ்விய நெறியொன்று உண்டு. அதனைக் காட்டுதற்கு மூன்று வரலாறுகளை எடுத்துக்கொள்வாம்.

முதலாவது கண்டியரசர் வரலாறு. 1747 முதல் 1782 வரை அரசுபுரிந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கர் தென்னிந்திய நாயக்கர் மரபினர். அவரே சீயதேசத்திலிருந்து பௌத்த பிக்குக்களை வருவித்து, 1753 ஆம் ஆண்டிலே உபாலி தேரரைக்கொண்டு இலங்கையிலே துறவு முறையை மீட்டு நிலைநிறுத்தினார். அந்நாளில் எசலப் பெரகரா நாதர், விட்டுணு, கதிர்காமக் கடவுள், பத்தினி என்னுந் தெய்வங்களின் விழாவாயிருந்தது. புத்தர்க்கு அதில் இடமில்லாமையைச் சீயத்துப் பிக்குக்கள் எடுத்துக்காட்ட, அரசர் தந்ததாதுவை முன்னே எழுந்தருளுவித்துத் தேவாலய ஊர்வலங்களைப் பின்வரச் செய்தார். இன்றும் அம்முறையே நிகழ்கின்றது. அத்துணை செய்த அவ்வரசர் தம் நெற்றியில் திருநீறணிதலை விட்டாரல்லர் என்பதும், 1760 இல் அவருக்கெதிராக எழுந்த சதிக்கு அதுவும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது என்பதும் வரலாற்று நூல்களாற் பெறப்படும். பிறர் விழாவிற்குத் தலைமை தாங்குதலும் தம் அடையாளத்தைப் பேணுதலும் ஒருவரிடத்தே கூடும் என்பது இதனாற் போதரும்.

இரண்டாவது ஆறுமுகநாவலர் வரலாறு. நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்து உவெசுலியன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர். பாதிரிமார் நாள் குறித்து மக்களைக் கூட்டிப் பிரசங்கஞ் செய்தலையும், வகுப்பு வகுத்துப் பாடசாலை நடத்தலையும், அச்சியந்திரத்தால் நூல் பரப்புதலையும் அவர் அணுகியிருந்து கண்டார். பின்னர் 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார், 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார், அச்சியந்திரமும் நிறுவினார். கலம் பிறருடையது, அதில் வார்த்த பால் நம்முடையது. இன்று நீவிர் கற்பிக்கும் சைவப் பாடசாலையும், யாம் எழுதும் இப்பிரசங்கமும் அவ்வழி வந்தனவே. எனவே ஏற்றல் தானே குற்றமன்று என்பது பெறப்பட்டது. நாவலர் பாதிரிமாரிடமிருந்து கொண்டது உழைப்பின் முறையை, வேடிக்கையை அன்று.

மூன்றாவது சீயதேசத்து வரலாறு. இக்காலத்திலே தாய்லாந்து எனப்படும் அந்நாட்டின் அரசவை அந்தணர், ஆண்டுதோறும் மார்கழி தையையொட்டித் திரியம்பாவாய், திரிபாவாய் என ஒரு விழாச் செய்வர். இப்பெயர்கள் திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிபென அறிஞர் கண்டனர். சிவபெருமான் பத்துநாள் மண்ணுலகிற்கு எழுந்தருளுகின்றார் என்பது அவர் கொள்கை. அதன்பொருட்டு 1784 இல் பாங்கொக் நகரிலே பேரூஞ்சல் ஒன்று நாட்டப்பட்டது. ஊஞ்சலாடுதல் 1935 இல் நிறுத்தப்பட்டதாயினும், பூசை இன்னும் நடைபெறுகின்றது. கடல் கடந்த நாடொன்றிலே நந்தமிழ் மறை நூற்றாண்டுகளாக ஓதப்படுதல் நமக்குப் பெருமையே. ஆயினும், தமிழறிஞர் சென்று கேட்டபொழுது, ஓதுவார் தாம் ஓதுவதன் பொருளை அறிந்திலர். ஒலி நின்றது, பொருள் நீங்கியது. அவர் பத்தியிற் குறைந்தவரல்லர். பொருளைத் தலைமுறைதோறும் எடுத்துரைக்கும் ஆசிரியர் அவர்க்கு வாய்த்திலர், அவ்வளவே. பொருளறியாது பஞ்சுப்பனி ஒட்டும் நம் பிள்ளைகளும், பொருளறியாது திருவெம்பாவையை ஒப்பிக்கும் நம் பிள்ளைகளும் இவ்வரலாற்றிலே தம்மைக் காணலாம்.

நத்தார் மரமும் கிறித்துநாதர் பிறந்த நாட்டு வழக்கமன்று. அது செருமானியரிடத்தே வளர்ந்தது. நம் அணைக்குரிய பெயரையே தம் பெயராகக் கொண்ட விக்டோரியா மகாராணியாரின் குடும்பத்தார் அம்மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் 1848 இல் வெளிவந்தபின் இங்கிலாந்தெங்கும் பரந்தது. அமெரிக்காவிலே மசச்சூசெற்சுக் குடியேற்றத்தில் வாழ்ந்த கிறித்தவரோ, நத்தார்க் கொண்டாட்டம் தம் மறைநூலிற் சொல்லப்படாதது எனக் கூறி, 1659 முதல் 1681 வரை அதனைக் கொண்டாடுவோர்க்குத் தண்டம் விதித்தனர். இது நமக்கு உரியதா என்று வினாவுதல் சைவர்க்கு மாத்திரம் உரிய குறுகிய மனப்பான்மையன்று. எச்சமயத்தாரும் தம் சமயத்தைப் பொருட்படுத்திய காலத்தில் வினாவிய வினாவேயாம்.

“உலகம் ஒரு வீடாய்விட்டது, பிள்ளைகள் மகிழ்ந்தால் மகிழட்டுமே” என்பாரும் உளர். மகிழ்தல் வேண்டுமென்பதே எம் கருத்தும். ஒரு வீட்டிலே பல அறைகள் உண்டு. அயலறையார் விருந்துக்கு அழைத்தால் அன்போடு சென்று உண்ணுதல் பண்பு. அவர் அறையைப் பார்த்து நம் அறையிலும் இலைபோட்டு, சோறு வைக்காமல் எழுதல் பேதைமை. நத்தாரன்று கிறித்தவ நண்பன் வீட்டிற்குச் சென்று வாழ்த்துக. நோன்புப் பெருநாளில் இசுலாமியர் தரும் வட்டிலப்பத்தை மகிழ்ந்து பெறுக. வெசாக்குத் தினத்திலே தன்சலில் நீரும் உணவும் ஏற்றுக் கைகூப்புக. இவை அயலன்பு. அயலன்பிற்கு மரக்கிளையும் பஞ்சும் வேண்டுவதில்லை.

ஆதலின் ஆசிரியர் எப்புது வழக்கத்தையும் பாடசாலைக்குள் விடுமுன் மூன்று வினாக்களை வினாவக்கடவர். இதனை உரியவராகக் கொண்டாடுவோர் எக்கடமையோடு கொண்டாடுகின்றனர்? அக்கடமையை நாமும் ஏற்கின்றோமா? இதனால் நம்முடைய கடமை எதுவேனும் இடம் இழக்கின்றதா? இம்மூன்றற்கும் விடை தெளிந்தபின் ஏற்பது ஏற்க, விடுவது விடுக.

செய்யத்தக்கனவுஞ் சில கூறுவாம். அயற்சமய விழாவைப்பற்றி வகுப்பிற் சொல்ல வேண்டுமாயின், அச்சமயத்துப் பிள்ளையையோ ஆசிரியரையோ அழைத்துச் சொல்லச் செய்க. உரியவர் வாயாற் கேட்கப் பிறப்பது மதிப்பு. விழாவின் பெயரால் எப்பிள்ளையிடமும் பணந் தண்டற்க. பிறந்தநாளிலே விளக்கை அணைப்பியாது ஏற்றுவித்து, அப்பிள்ளையின் கையாலேயே மற்றொரு பிள்ளைக்கு ஓர் உணவோ எழுதுகோலோ கொடுப்பிக்க. திருவெம்பாவைக் காலம் பெரும்பாலும் விடுமுறையில் வருதலின், அதற்கு முன்னரே வகுப்பிலும் அறநெறிப் பாடசாலையிலும் பாட்டின் பொருளைச் சொல்லிவைக்க. தோட்டங்களிலே லயன்தோறுஞ் செல்லும் மார்கழிப் பசனைக் குழாத்தொடு பிள்ளைகளைச் சேர்த்துவிடுக. கூடுமாயின் ஒரு நாளாவது ஆசிரியருந் தாமே உடன் செல்க. செல்லாத ஆசிரியர் சொல்லும் சொல் பிள்ளைகளின் செவியோடு நின்றுவிடும்.

திருவெம்பாவையிலே விழித்தெழுந்த பெண்கள் தாம் மாத்திரம் நீராடப் போயினாரல்லர். உறங்குபவள் வாயிலிலே நின்று அழைத்தனர். அவளை வையாது, அன்பினால் இடித்துரைத்து எழுப்பினர். அவ்விழாவின் கடமை இதுவே. பிள்ளைகள் பிறநாட்டு வழக்கங்களிலே மயங்கினர் என்று வைதலால் ஆவது ஒன்றுமில்லை. அவர் வாயிலிலே நாம் போய் நின்றோமா, பொருளைச் சொல்லி அழைத்தோமா என்று நம்மையே கேட்போமாக. அவ்வழைப்பிற்குரிய அறிவையும் பொறையையும் சைவாசிரியர்க்கெல்லாம் எல்லாம்வல்ல சிவபெருமான் அருள்செய்வாராக.

திருச்சிற்றம்பலம்