சரியானால் போதுமா?

மானிட்டரில் உள்ள யுஎஸ்பி போர்ட் வேலை செய்யவில்லை என்று யாராவது கூப்பிட்டால், மானிட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே எத்தனை கேபிள் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். எச்டிஎம்ஐ ஒன்றுதான் என்றால் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். எச்டிஎம்ஐ படத்தையும் ஒலியையும் கொண்டுவரும். பென் டிரைவில் உள்ளதைக் கொண்டுபோகாது. மானிட்டருக்குள் இருப்பது ஒரு ஹப். அதற்குத் தனியாக ஒரு கேபிள் வேண்டும். ஒரு முனை சதுரமாக இருக்கும் அந்த டைப்-பி கேபிள் பல வீடுகளில் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. போர்ட்டுக்கு ஒரு குறையும் இல்லை, யாரும் அதை இணைக்கவே இல்லை.

அதன் பிறகும் சரியாகாதவைதான் என்னை யோசிக்க வைக்கின்றன. கேபிளை மாற்றுகிறார்கள், டிரைவரை அழித்து மறுபடி போடுகிறார்கள், மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கிச் செருகுகிறார்கள், எல்லாம் ஒரே மூச்சில். எப்படியோ மவுஸ் நகர்ந்துவிடுகிறது. "அதான் சரியாயிடுச்சே, விடுங்க" என்கிறார்கள். எனக்கு விட மனம் வருவதில்லை. காரணம் தெரியாமல் சரியானது மறுபடி கெடும்போது, பழி பெரும்பாலும் பழுதில்லாத ஒன்றின் மேல்தான் விழுகிறது.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவருக்கு வேறு விஷயங்கள் தெரியவரும். அதே போர்ட்டில் மவுஸ் ஓடுகிறது, ஹார்ட் டிஸ்க் மட்டும் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். யுஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டிய மின்சாரம் 500 மில்லிஆம்பியர், 3.0 என்றால் 900. சுழலத் தொடங்கும் டிஸ்க் அதற்கு மேலும் கேட்கலாம். திரை உறங்கியதும் போர்ட்டும் நின்றுவிடுகிறதா? மானிட்டரின் மெனுவில் மின்சிக்கன அமைப்பு ஒன்று இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். டைப்-சி விவகாரம் இன்னும் நுட்பமானது. 4கே படம் 60 ஹெர்ட்ஸில் ஓடும்போது சில மானிட்டர்களில் அதிவேகப் பாதைகள் நான்கையும் படமே எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பிக்கு மிஞ்சுவது நொடிக்கு 480 மெகாபிட் மட்டும். எதுவும் கெடவில்லை, இருப்பதைப் படமும் யுஎஸ்பியும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். வீட்டில் பிள்ளை சிடுசிடுத்தால் குணம் மாறிவிட்டது என்று தீர்ப்பு எழுதுகிறோமே, ராத்திரி தூங்கினானா என்று கேட்கிறோமா?

கேட்டும் பார்த்தும் முடித்த பிறகு, உண்மையாகவே கெட்டுப்போனது என்று ஒன்று மிஞ்சும். வேறு கேபிள், வேறு கம்ப்யூட்டர், வேறு மவுஸ், எதை மாற்றினாலும் அந்த ஒரு போர்ட் மட்டும் பேசாது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பின் வளைந்திருக்கும், அல்லது சாக்கெட்டே ஆடும். அதைக் குண்டூசியால் நிமிர்த்தப் போகக்கூடாது. பின்கள் ஒன்றோடொன்று உரசினால் மற்ற போர்ட்டுகளும் சேர்ந்து நிற்கலாம். அதற்காகத் தெளிவான திரையோடு முழு மானிட்டரையும் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கெட்டது எது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டதல்லவா, அதை மட்டும் ஒரு துண்டு டேப் ஒட்டி மூடிவிடலாம். டிஸ்க்குக்குச் சொந்த அடாப்டரோடு வரும் ஹப் ஒன்று வாங்கிக்கொண்டால் ஆயிற்று.