மண்ணும் பீங்கானும்

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் வாழும் நமக்கு விருத்தாசலத்துப் பீங்கான் புதிதன்று. களிமண்ணே சூளையில் வெந்து பீங்கானாகிறது என்பதை அறிவோம். ஆயினும், மண் குவளையையும் பீங்கான் கிண்ணத்தையும் கொண்டே மனிதரை மனிதர் பிரித்த வரலாறு உண்டு.

பல்வங்கர் பாலு, இந்தியக் கிரிக்கெட்டின் தொடக்க காலத்து இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்; தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். பூனாவில் இந்து அணிக்காக விளையாடினார். தேநீர் இடைவேளையில் மற்ற வீரர்கள் உள்ளே அமர்ந்து பீங்கான் கிண்ணங்களில் அருந்த, அவருக்கு மட்டும் வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. வெற்றிகள் பெருகியபின் உடனமர்ந்து உண்ண இடம் தந்தார்கள். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவேயில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்கே அது வாய்த்தது.

திறமை சாதியை வென்றது என்று நாம் மகிழலாம். ஆனால், பந்து வீசத் தெரியாத எளியவருக்கு எந்தக் கிண்ணம்? மதிப்பு என்பது திறமைக்குத் தரும் பரிசானால், திறமையற்றவர் என்றும் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மனித மாண்பு நாம் ஈட்டுவதன்று. இறைவன் தம் சாயலில் படைத்தபோதே அளித்தது.

ஒரே திருவிருந்தில் பங்குகொள்ளும் நாமே சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தையும் சாதியால் பிரித்தோம். மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்பும் நமக்குள் உயர்வு தாழ்வு ஏது? நம் வயலிலும் வீட்டிலும் உழைப்பவருக்கு இன்று எந்தக் குவளையில் நீர் கொடுக்கிறோம் என்பதிலிருந்தே நம் விசுவாசம் அளக்கப்படும்.