நினைவில் நில்லாத பயணம்



தோப்பூர்ப் பக்கத்துக் குடும்பமொன்றில் எழுந்த சிறு வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கு என்றதும் காணிச் சண்டை என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்து மாதக் கைக்குழந்தையை யானை பார்ப்பதற்காகக் கவுடுல்ல தேசியப் பூங்காவுக்குக் கொண்டு போகலாமா, கூடாதா என்பதே வழக்கு.

தாய்க்கு இருபத்திரண்டு வயது. பிள்ளை பிறந்தது தொட்டு, கிளினிக்குக்கும் கோவிலுக்கும் அன்றி வீட்டுப் படலையைத் தாண்டாதவள். கணவனுக்கு லீவு கிடைத்தது. அயலவரின் வான் ஒன்றும் இருந்தது. சேருவில, கந்தளாய் வழியாகப் போய் இரவே திரும்பிவிடலாம். தடையாக நின்றவர் அம்மம்மா ஒருவரே. ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் என்னிடம் வந்து முறையிட்டார்.

"சுவாமி, பச்சைப்பிள்ளையைக் கொண்டு காட்டுக்குப் போகப் போறாங்களாம். அதுக்கு யானை எது, பூனை எது எண்டு விளங்குமே? நாளைக்கு நினைவிருக்குமே? நீங்கள் சொன்னாக் கேப்பாங்கள்."

நானும் முதலில் அவர் பக்கமே நின்றேன் என்பதை ஒளிப்பானேன்? காட்டு வெயில், ஜீப்பின் குலுக்கல், நுளம்பு. (மலேரியாப் பயம் மட்டும் இனி வேண்டாம் என்றேன். உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்துவிட்டது. டெங்கு இருக்கிறதே என்று அவர் திருப்பிக் கொடுத்தார்.) அதோடு அவருடைய இரண்டாவது கேள்வி எனக்கு வலுவாகவே பட்டது. மூன்று வயதுக்கு முன் நடந்தவை நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் இல்லை. புனித அகுஸ்தீனாரும் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தம் வாழ்வை இறைவன் முன் திறந்து வைத்து எழுதிய நூலில், தமது குழந்தைப் பருவம் தமக்கு நினைவில்லை என்றும், பிறர் சொல்லியும் மற்றக் குழந்தைகளைப் பார்த்துமே அதை அறிந்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். அவ்வளவு பெரிய மேதைக்கே நில்லாதது இந்தக் குழந்தைக்கா நிற்கப் போகிறது?

ஆனால் பெறுபவர் மறந்துவிடுவார் என்பதனால் கொடுப்பது வீணாகிவிடுமா? அப்படியானால் தாலாட்டு வீண். நாம் குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானத்தையும் அல்லவா ஒத்திவைக்க வேண்டும்?

அந்த அம்மம்மாவின் வாழ்க்கையே அவருக்கு எதிர்ச்சாட்சியாக இருந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர், தோப்பூர்ப் பகுதிகளில் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கந்தளாய்க்கு ஓடின. அந்தக் கூட்டத்தில் இவரும் மூன்று வயது மகளை இடுப்பிலே சுமந்துகொண்டு நடந்தார். அந்த மகள்தான் இன்றைய இளந்தாய்.

"அன்று நீங்கள் தூக்கிக்கொண்டு நடந்தது மகளுக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை, சுவாமி."

"அப்படியானால் அது வீணா?"

வென்றுவிட்டேன் என்று எண்ணினேன். அவரோ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது உயிர் தப்ப ஓடினது, சுவாமி. இது விளையாட்டுக்குப் போறது. ரெண்டும் ஒண்டே?" என்றார்.

வாசகரே, குருமடத்தில் படித்த தர்க்கம் அந்த இடத்தில் நின்றுபோயிற்று. அவர் சொன்னது சரி. நினைவைப் பற்றிய வாதம் விழுந்தாலும், ஆபத்தைப் பற்றிய வாதம் அப்படியே நிற்கிறது. உயிரைக் காக்க ஏற்கும் ஆபத்தை மகிழ்ச்சிக்காகவும் ஏற்கலாமா? அதுவும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வாயில்லாத ஒருவரின் பெயரால்?

பெற்றோர் பிறர் சொத்தைப் பாதுகாப்பவரைப் போன்றவர்கள். அச்சொத்தை வைத்துச் சூதாடுதல் தகாது. மண்ணில் புதைத்து வைத்த ஊழியனும் நற்செய்தியிலே பாராட்டுப் பெறவில்லை. மகிழ்ச்சியும் மனிதருக்கு வேண்டியதே. ஐந்து மாதம் வீட்டோடு கிடந்த தாய்க்கு அது மருந்து. தாயின் முகம் மலர்ந்தால் குழந்தைக்கு அது அப்போதே சென்று சேரும், பின்னர் நினைவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

எனவே போகலாமா என்பதை விட்டு, யாருடைய அளவில் போவது என்று கேட்கத் தொடங்கினேன். இளம் தம்பதியரை அழைத்து, ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ஏறிய ஜீப்பை, ஒரு யானையைக்கூடக் காணுமுன், பிள்ளை அழுகிறது என்பதற்காகத் திருப்பச் சொல்வீர்களா என்று கேட்டேன். கணவன் கொஞ்சம் யோசித்தான். அந்த யோசனை எனக்குப் பிடித்தது. உடனே ஆம் என்பவன் ஜீப்புக் கூலி தெரியாதவன். "திருப்புவம், சுவாமி" என்றான். அம்மம்மாவும் உடன் போவது என்று முடிவாயிற்று. வெயில் தணிந்த பின்பே காட்டுக்குள் நுழைவது, நிழலுக்குத் துணி, தாய்ப்பால் தவிர வேறொன்றும் கொடுப்பதில்லை என்பன அவருடைய நிபந்தனைகள். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தண்ணீரும் வேண்டியதில்லை என்று வைத்தியர்கள் சொல்வதும் அதுவே.

கவுடுல்ல 2002இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வறண்ட காலத்தில் குளத்து நீர் வற்றி, கரையில் புதுப்புல் தளிர்க்கும். மாலையானதும் யானைகள் கூட்டங்கூட்டமாகக் காட்டை விட்டு அங்கே இறங்கும். பிடிகளும் கன்றுகளும் கொண்ட கூட்டத்தை நடத்துவது வயதில் மூத்த பிடி. கன்றைத் தாய் மட்டுமல்ல, சிற்றன்னையரும் காவல் செய்வர்.

தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில் 1993இல் கடும் வறட்சி வந்தது. ஒன்பது மாதங்களில் 81 கன்றுகளில் 16 மாண்டன. பூங்காவை விட்டு வெளியேறிய கூட்டங்கள் தம் கன்றுகளை அதிகம் இழக்கவில்லை. அவற்றின் தலைவிகள் 1958 முதல் 1961 வரை நிலவிய முந்திய வறட்சியை அறியும் வயதுடையவை என்றும், அந்த நினைவே வழிகாட்டியிருக்கலாம் என்றும் 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நினைவு கிழவியிடம் இருந்தது. பிழைத்தது கன்று.

போய்வந்த கதையை இளந்தாய் எனக்குச் சொன்னாள். யானைகள் ஏராளமாக வந்தனவாம். குழந்தை அழவில்லை, ஜீப்பைத் திருப்பவும் நேரவில்லை. ஆனால் அது ஒரு யானையையும் பார்க்கவில்லை. தொடக்கம் முதல் இறுதிவரை அம்மம்மாவின் மடியில் நல்ல நித்திரை.

திரும்பும் வழியில், கந்தளாய் தாண்டி இருட்டும் வேளையில், அம்மம்மா வானை நிறுத்தச் சொன்னாராம். தெருவோரத்து மரமொன்றைக் காட்டி, "உன்னைத் தூக்க ஏலாமல் அண்டைக்கு இதிலதான் இறக்கி வைச்சனான்" என்றாராம். இத்தனை வருடத்தில் அவர் அதைப் பற்றி வாய் திறந்தது அதுவே முதல் தடவை. மகள் இறங்கி அந்த மரத்தடியில் சற்று நேரம் நின்றாள். குழந்தை அப்போதுதான் விழித்துப் பாலுக்கு அழத் தொடங்கியதாம்.