கோபுரமும் நூல்வேலியும்

லண்டனின் வடமேற்கில், கோல்டர்ஸ் கிரீனை ஒட்டி இருக்கிறது ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப். கத்தரித்த செடிவேலிகளும் செங்கல் வீடுகளும் நிழல் மரங்களுமாக இருக்கும் இந்தப் புறநகர், இங்கிலாந்தில் வசதிபடைத்தவர்கள் வாழும் பகுதிகளில் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் இங்கே ஒரு வழக்கு மூண்டது. இங்கும் அக்கம்பக்கத்திலும் வாழும் ஆசாரமான யூதர்கள், தெருவோரங்களில் 80 சொச்சம் கம்பங்களை நட்டு, அவற்றின் உச்சிகளை மெல்லிய நூலால் இணைக்க அனுமதி கேட்டார்கள். ஏற்கெனவே இருக்கும் சுவர்கள், வேலிகள், ரயில் பாதைகளோடு இந்த நூலும் சேர்ந்தால் சுமார் 11 மைல் சுற்றளவுள்ள ஓர் எல்லை முழுமையாகும். யூத மரபில் இதற்கு எரூவ் என்று பெயர். 1993இல் பார்னெட் நகரசபை அனுமதி மறுத்தது. 1994இல் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜான் கம்மர் அனுமதி அளித்தார். ஆனாலும் எல்லை பயன்பாட்டுக்கு வந்தது 2003இல்தான். கம்பங்கள் தெருவின் அழகைக் கெடுக்கும் என்று வாதம் தொடங்கினாலும், அடியில் இருந்தது வேறொரு கேள்வி: எல்லோருக்கும் பொதுவான தெருவில் ஒரு சமயத்தார் தங்கள் அடையாளத்தை எதுவரை நிறுத்தலாம்?

இந்த நூல் எதற்காக என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஓய்வுநாளில் செய்யக் கூடாத வேலைகளை 39 வகையாக, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பட்டியலிடுகிறது. அவற்றில் கடைசியாக வருவது, பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்வது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை, வீட்டுக்குள் பொருள்களை எடுத்துச் செல்லலாம். வாசலைத் தாண்டித் தெருவுக்குக் கொண்டுபோகக் கூடாது. சட்டைப்பையில் வீட்டுச் சாவியோ கைக்குட்டையோ இருக்கக் கூடாது. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளவும் கூடாது. இதனால் கைக்குழந்தைக்காரி ஜெப ஆலயத்துக்குப் போக முடியாமல் வீட்டோடு கிடப்பாள். சக்கர நாற்காலியில் இருப்பவரின் நிலையும் அதுதான். எரூவ் இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது. இரண்டு கம்பங்களும் மேலே குறுக்காக ஒரு நூலும் சேர்ந்தால், கதவில்லாத ஒரு வாசல் நிலை கிடைத்துவிடுகிறது. அப்படி வாசல்கள் வரிசையாக நின்றால் சட்டத்தின் பார்வையில் அது சுவர். சுவருக்குள் இருக்கும் தெருக்களெல்லாம் பல வீட்டாருக்குச் சொந்தமான ஒரே முற்றம். எல்லோருக்கும் பங்குள்ள உணவாக ரொட்டியையும் ஓரிடத்தில் வைத்துவிட்டால், அந்த முற்றத்துக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

இது கடவுளையே ஏமாற்றும் வேலை அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு, யூதர்களிலும் உண்டு. தடையையும் வைத்துக்கொண்டு, அதைத் தாண்ட நூலும் கட்டுவானேன் என்பது அவர்கள் கேள்வி. ஆனால் யூதர்களின் வேதமான தோராவின் தடை, தனியிடத்துக்கும் உண்மையான பெரும் பொதுவெளிக்கும் இடையே பொருளைக் கொண்டுபோவதைப் பற்றியது. சாதாரணக் குடியிருப்புத் தெருக்களை இரண்டிலும் சேராத இடைநிலையாகவே ரபிகள் எனும் யூதச் சமய அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். அங்கே தடை விதித்தவர்கள் ரபிகளே; தளர்த்தும் வழியைச் சொன்னவர்களும் அவர்களே. பெரும் பொதுவெளி எது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதால்தான், கடும் ஆசாரக்காரர்களில் சிலர் லண்டன் எல்லையை ஏற்கவில்லை. எரூவ் ஏமாற்று அல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் ஓய்வுநாளுக்கு முன்பு எல்லை முழுவதையும் ஒருவர் போய்ப் பார்க்கிறார். எங்காவது நூல் அறுந்து, அதை நேரத்துக்குள் கட்ட முடியாமல் போனால், இந்த வாரம் எரூவ் இல்லை என்று அறிவித்துவிடுவார்கள். தள்ளுவண்டி வீட்டிலேயே நிற்கும். ஏமாற்ற நினைப்பவன் அறுந்த நூலைத் தேடிக்கொண்டு போக மாட்டான். சட்டத்தின் சலுகையை அனுபவிப்பதற்கே இத்தனை சிரமப்படுபவரைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த மறுப்பு, பொதுத் தெரு எந்தச் சமயத்தையும் சாராமல் இருக்க வேண்டும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் புறநகர் பிறந்த கதை அதற்கு ஒத்துவரவில்லை. இதைத் தொடங்கிய ஹென்ரியெட்டா பார்னெட், கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் சேரிகளில் ஊழியம் செய்த பாதிரியார் சாமுவேல் பார்னெட்டின் மனைவி. 1884இல் அங்கே டாயின்பி ஹால் என்ற சமூக சேவை இல்லம் உருவாக இருவரும் பாடுபட்டார்கள். பணக்காரரும் தொழிலாளியும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தால் ஒருவரை ஒருவர் அறிந்து திருந்துவார்கள் என்ற கிறிஸ்தவ நம்பிக்கையே இந்தக் குடியிருப்புக்கு அடித்தளம். ஏக்கருக்குச் சராசரியாக 8 வீடுகளுக்கு மேல் கூடாது என்று 1906ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்தது. மனைகளுக்கு இடையே சுவர் வேண்டாம், செடிவேலி போதும் என்றார்கள். ரேமண்ட் அன்வின் தெருக்களை வகுத்தார். பின்னாளில் புது டெல்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், குடியிருப்பின் உச்சி மேட்டில் நடுச் சதுக்கத்தை அமைத்து, எதிரெதிரே இரண்டு தேவாலயங்களை நிறுத்தினார். அவற்றில் புனித யூதா ஆலயத்தின் கூரிய கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். மதுக்கடைக்கு மட்டும் இங்கே இடமே இல்லை. ஆக, இது செங்கல்லால் எழுதிய ஒரு பிரசங்கம். அந்தக் கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வெறும் ஊர் அழகு. புதிதாக வந்த நூல் மட்டும் சமயமாகத் தெரிகிறது. பழக்கத்தைத்தான் இங்கே நடுநிலை என்று அழைத்தார்கள்.

எளிதில் தள்ளிவிட முடியாத மறுப்புகளும் இருந்தன. கம்பமும் கம்பியும் நாஜி முகாம்களை நினைவூட்டுகின்றன என்று அவற்றிலிருந்து தப்பிப் பிழைத்த சிலர் சொன்னார்கள். முகாம் வேலியைப் பகைவன் போட்டான்; அது உள்ளே இருப்பவரை அடைத்துவைத்தது. எரூவை உள்ளே வாழ்பவர்களே கட்டிக்கொண்டார்கள். அது யாரையும் மறிக்காது. இந்த வேறுபாடு உண்மை என்றாலும், வேதனைப்பட்டவரின் மனத்தை அது ஆற்றிவிடும் என்று சொல்வதற்கில்லை. கம்பத்தை யார் ஜன்னலுக்கு எதிரே நடுவது என்பதில் தனிக் கவனம் வேண்டும் என்பதற்கு அந்த வேதனை போதுமான காரணம். எல்லையே வேண்டாம் என்பதற்குப் போதாது. இன்னொரு மறுப்பு, எல்லை வந்தால் ஆசாரமான குடும்பங்கள் அதிகம் குடியேறி ஊரின் சுபாவமே மாறிவிடும் என்பது. மாறக்கூடும்தான். ஆனால் இந்த ஊர் அதற்கு முன்பே ஒரு பெரிய மாற்றத்தைக் கண்டுவிட்டது. தொழிலாளர்களுக்கென்று கட்டிய சிறு வீடுகளைக்கூட இன்று ஒரு தொழிலாளி விலைக்கு வாங்க முடியாது. ஸ்தாபகரின் கனவை நேராகக் கலைத்த மாற்றம் அதுவே. ஏழை வெளியேறியதைக் காலத்தின் போக்கு என்று விட்டுவிட்டு, ஆசாரக்காரர் உள்ளே வருவதை மட்டும் ஊரின் சுபாவத்துக்கு ஆபத்து என்று சொன்னால், அந்த அக்கறையை முழுதாக நம்ப முடியவில்லை.

பொதுவெளியில் நிற்கும் சமய அடையாளங்களை அவற்றின் உயரத்தையோ பழமையையோ வைத்து எடைபோடுவதால் பயனில்லை. நம்பாதவரை அவை எதற்காவது கட்டாயப்படுத்துகின்றனவா என்று கேட்க வேண்டும். ஹென்ரியெட்டா பார்னெட்டின் நம்பிக்கை எல்லோரையும் கட்டியது: அவர் சமயத்தில் பற்றில்லாதவரும் ஒரு கோப்பை பீர் குடிக்க ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். எரூவோ, அதை நம்பாதவரிடம் எதையும் கேட்பதில்லை, எதையும் தடுப்பதில்லை. கம்பத்தைக் கடந்து அவர் தன் பாட்டுக்குப் போகலாம். பதிலுக்கு, வாரம் முழுவதும் வீட்டைப் பார்த்துக்கொண்ட ஒரு தாய்க்கு அது சனிக்கிழமைத் தெருவைத் திறந்துவிடுகிறது. கோபுரத்தைச் சகிப்பதில் பெருமைப்படும் ஊர், இந்த அளவுகோலின்படி நூலை இன்னும் எளிதாகவே சகித்திருக்க வேண்டும்.